கொய்யா மரத்துப் பிரசவமும் டெஸ்டிங் அண்ணனும்

பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் காது கேட்கிற எல்லோருக்கும் டெஸ்டிங் அண்ணனைத் தெரியும். காது கேட்காத இரண்டொருவருக்கும் தெரியும்; அவர்களுக்குக் கேட்காமல் போனதே அவரால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவருடைய நிஜப் பெயரை நாலைந்து பேரிடம் விசாரித்திருக்கிறேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், தோட்டத்துக் கிரிக்கெட் மேட்ச், மரண அறிவித்தல் எதுவானாலும் மைக் செட் அவருடையது. மைக்கைப் பிடித்துப் பேசுகிறவரும் அவரே. எதையும் "ஹலோ, மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்" என்றுதான் தொடங்குவார். அந்த டெஸ்டிங்கே கால் மணி நேரம் ஓடும். அதற்குப் பிறகு தனியாக ஒரு பெயர் எதற்கு?

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு மைக்கே தேவையில்லை. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று அவர் ஆள் கூப்பிட்டால், அடுத்த தோட்டத்து ஆட்களும் கூடையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்களாம். அந்தத் தொண்டையை அப்படியே வாங்கிக்கொண்ட மகன் அதற்கு மின்சாரமும் கொடுத்துவிட்டார்.

நான் அவருக்கு அடுத்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். எனக்குப் பதுளையில் ஒரு அலுவலகத்தில் வேலை, என் கணவருக்குக் கொழும்பில். குடிவந்த அன்று கேட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டில் கொலை விழப்போகிறது என்று பயந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவருடைய மனைவி ஒரு தட்டு இடியப்பத்தோடு வந்தார்.

"நேத்து ஏதும் பிரச்சினையாக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லையே. கொழம்புல உப்பு பத்தலன்னாரு. அவ்வளவுதான்" என்றார் அக்கா.

திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை யாருடைய பல்செட்டோ விழுந்து, கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. "மேல்வரிசைப் பல்செட் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் மேடைக்கு வந்து, வாயைத் திறந்து காட்டி, அடையாளத்தை உறுதிப்படுத்திப் பெற்றுக்கொள்ளவும்" என்று அறிவித்தார். அன்று முழுவதும் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். உரியவர் வரவேயில்லை. எப்படி வருவார்?

ரகசியமும் அவருக்கு ஒத்துவராது. ஒருநாள் வேலியோரமாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, ஒங்க காதோட போகட்டும்" என்று ஒரு விஷயத்தைச் சொன்னார். நான் வீட்டுக்குள் திரும்புவதற்குள் எதிர்வீட்டு அம்மா படியில் நின்று, "அப்படியா சங்கதி?" என்றார்.

இப்படி இருந்த வீட்டில் அக்கா திடீரென்று காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஊரில் எத்தனையோ பேருடைய மரண அறிவித்தலை வாசித்தவர், அன்று வாசிக்க வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தார். தன்னுடைய மைக்கை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, வாசலில் ஓரமாக நின்றுகொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், கௌரி. கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை. அம்மாவின் காரியத்துக்கு வந்தவள், திரும்பிப் போகும் முன் பதுளைக்குப் போய் உள்ளங்கை அளவில் ஒரு கமெரா வாங்கிவந்து, முன்னறையில் டீவிக்கு மேலே பொருத்தினாள்.

"இது எதுக்கும்மா? இங்க திருட என்னா இருக்கு?" என்றார் அண்ணன்.

"திருடனைப் பாக்க இல்லப்பா. ஒங்களப் பாக்க. நீங்க விழுந்து கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா?"

"நான் விழுந்தா அந்தச் சத்தம் கட்டாருக்கே கேக்கும்."

அவள் கேட்கவில்லை. போனில் எப்படிப் பார்ப்பது என்று அவருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கமெராவுக்குக் கண் மட்டுமில்லை, வாயும் இருக்கிறது என்று. அண்ணன் தேநீருக்கு இரண்டாவது கரண்டி சீனி போடும்போது, "அப்பா!" என்று டீவிக்கு மேலிருந்து ஒரு குரல் வரும். மாத்திரையைப் போடாமல் மறைத்தால், "வலது பக்கச் சட்டைப்பைல இருக்கு, எடுங்க" என்று குரல் வரும். ஊருக்கே குரல் கொடுத்தவர், டீவி மேலிருந்து வரும் குரலுக்குப் பயந்து சமையலறையில் ஒளிய ஆரம்பித்தார். ஒருநாள் இடுப்புச் சாரத்தைக் கழற்றிக் கமெராவின் மேல் போட்டு மூடிவிட்டார். அன்றைக்கு கௌரி எனக்குப் போன் எடுத்து, "அக்கா, கரண்ட் இல்லையா அங்க? ஒரே கட்டம் கட்டமா இருட்டா தெரியுது" என்று கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பறவை வந்தது.

கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்தி நிமிர்த்தி ஆட்டும் பறவை. குண்டுகரிச்சான் என்று புத்தகத்தில் பெயர் இருக்கிறதாம். சிங்களத்தில் சொல்கிறபடி நாங்களும் பொல்கிச்சா என்போம். திருத்துவதற்காக அண்ணன் வாசலில் போட்டு வைத்திருந்த பழைய மரத்து ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில், சின்ன ஸ்பீக்கரைக் கழற்றிய ஓட்டை வழியாக ஒரு சோடி பொல்கிச்சா உள்ளே போய்ப் போய்ப் பார்த்தது. அண்ணன் அந்தப் பெட்டியைத் துடைத்து, மேலே ஒரு தகரம் அடித்து, வீட்டுத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பறவைகள் முறைத்துக்கொண்டு இரண்டு நாள் வராமலிருந்து, மூன்றாம் நாள் வேர்த் தும்பும் காய்ந்த புல்லுமாகக் கொண்டுவந்து நிரப்பின.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. டீவிக்கு மேலே கமெரா சும்மா இருந்தது. பறவைகள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பெட்டியின் மேல்மூலையில் அதைப் பொருத்தி, வயரை ஜன்னல் வழியாக இழுத்துவிட்டார். வயர் இழுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

அன்று மாலை கௌரியின் அழைப்பு வந்தது. குரலே சரியில்லை.

"அக்கா, சீக்கிரம் அப்பாவ போய்ப் பாருங்க! வீட்டுக்குள்ள அப்பாவக் காணோம். ஒரு குருவி ஒக்காந்திருக்கு!"

நான் பதறிக்கொண்டு ஓடினேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். அவர் வாயில் விரல் வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"தங்கச்சி, அவளுக்குச் சொல்லுங்க. அப்பா நல்லா இருக்கேன். இவதான் முட்டை போடப்போறா."

கௌரி திட்டினாள், அழுதாள், கமெராவைத் திரும்ப முன்னறையில் மாட்டாவிட்டால் பேசவே மாட்டேன் என்றாள். அண்ணன் எல்லாவற்றுக்கும், "மெதுவா பேசும்மா, மெதுவா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் அவளே முதலில் போன் எடுத்தாள். "அப்பா, பாத்தீங்களா? ஒன்னு போட்டிருச்சு!"

அதிலிருந்து எங்கள் தெருவுக்குச் சனி பிடித்தது. இத்தனை வருடம் அவருடைய சத்தத்தைச் சகித்த நாங்கள், இப்போது அவருடைய அமைதியைச் சகிக்க வேண்டியதாயிற்று.

முதலில் மாட்டியவர் பாண் நானா. தினமும் காலையும் மாலையும் த்ரீவீல் ஆட்டோவில் பாட்டைப் போட்டுக்கொண்டு பாண், பனிஸ் என்று ரொட்டி வகை விற்க வருவார். அந்தப் பாட்டு கேட்டால் தெருவில் பிள்ளைகள் ஓடிவருவார்கள். அண்ணன் தெருமுனையில் கையை நீட்டி வண்டியை மறித்தார்.

"நானா, பாட்டை நிப்பாட்டுங்க. இன்ஜினையும் நிப்பாட்டுங்க."

"என்ன அண்ணே, மையத்து விழுந்த வீடா?"

"பிரசவ வீடு."

பாண் நானா நல்ல மனுசர். என்ன ஏது என்று முழுதாக விளங்கிக்கொள்ளாமலே, அன்றிலிருந்து இன்ஜினை நிறுத்தி, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, "பாண் ஈக்கி... பனிஸ் ஈக்கி..." என்று களவுப் பொருள் விற்பவர் மாதிரி கிசுகிசுத்துவிட்டுப் போனார்.

அடுத்தது நான். "தங்கச்சி, பருப்புக்கு விசில் கட்டாயம் வேணுமா?" என்று கேட்டார். சட்டியில் வேகவைத்தேன். கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம்.

எங்களுக்குச் சொன்னது போதாதென்று, வழிப்போக்கர்களுக்காகக் கேட்டில் ஒரு போர்டு மாட்டினார். கோயில் விளம்பரம் எழுதும் அதே பெரிய சிவப்பு எழுத்தில்: "உள்ளே கர்ப்பிணி ஓய்வெடுக்கிறார். சத்தம் போடாதீர்."

பெண்டாட்டியை இழந்து தனியாக இருக்கும் அறுபது வயது மனிதர் வீட்டு வாசலில் இப்படி ஒரு போர்டு. ஊர் என்ன செய்யும்? முதல் நாள் மெதுவாக நடந்து போனது. இரண்டாம் நாள் நின்று வாசித்தது. மூன்றாம் நாள் கோயில் கமிட்டித் தலைவர் நேரில் வந்துவிட்டார். தலைவருக்கு டவுனில் ஜவுளிக்கடை. எதையும் மெட்டர் அளந்து பேசுகிறவர். நான் அப்போது அண்ணன் வீட்டுக்கு ரசம் கொண்டுபோயிருந்தேன். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, ஊரு பலதும் பேசுது. நான் எதையும் நம்பல. ஆனா போர்டை நீங்களே மாட்டியிருக்கீங்க."

"ஆமா, நான்தான் மாட்டினேன்" என்றார் அண்ணன் பெருமையாக.

"இப்ப... எத்தன மாசம்?"

"மாசமா? அதெல்லாம் இல்ல. மூணு வந்திருச்சு. நாளைக்கு இன்னொன்னு வரும்போல இருக்கு."

தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நாலு?" என்றார்.

"அவளுக்கு அது கணக்கே இல்ல. நல்ல தெம்பா இருக்கா. பாக்குறீங்களா?"

"வேணாம், வேணாம்" என்று தலைவர் எழுந்தார். அண்ணன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். தலைவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். வேர்த் தும்புக் கிண்ணத்தில் உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருந்த பறவை, தலையைச் சாய்த்து அவரைப் பார்ப்பது போலிருந்தது.

"இதுக்காய்யா இந்தப் போர்டு?" என்று தலைவர் கத்தினார்.

"உஷ்!" என்றார் அண்ணன்.

சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கும் அது பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது. கௌரி எனக்கும் இணைப்பு அனுப்பியிருந்தாள்; ஒஃபிஸில் சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் அதைத்தான் பார்ப்பேன். பாண் நானாவும் வண்டியை மதிலோரம் சாய்த்துவிட்டு, "இண்டைக்கு எப்படி?" என்று எட்டிப்பார்ப்பார். ஆனால் நான் ரசித்தது வேறொன்றை. முன்பு அப்பாவும் மகளும் பேசுவது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், சரி வைக்கிறேன். இப்போது இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அண்ணனுக்குப் பேச வரும். ரகசியக் குரலில்தான் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் என் சமையலறையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏம்ப்பா, இது எழும்பவே மாட்டேங்குது?" இது கௌரி.

"எழும்பினா சூடு போயிரும்ல. கொஞ்ச நேரம் வெளிய போய் எதையாச்சும் கொத்திட்டு ஓடியாந்துருவா."

"ஆண் பறவை எங்க?"

"அவனா? கரண்டுக் கம்பியில ஒக்காந்து கத்துறான். விடியக்காலையில ஆரம்பிச்சான், இன்னும் முடியல. இவ உள்ளுக்குள்ள கெடந்து கஷ்டப்படுறா. அவனுக்குக் கச்சேரி!"

கௌரி சிரித்தாள்.

"அம்மாவும் இதைத்தாம்ப்பா சொல்லும்."

"என்னா சொல்லும்?"

"ஒங்கப்பாவுக்கு ஊரு முழுக்கக் கச்சேரி, எனக்கு அடுப்படின்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லும்."

அவள் "அப்பா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அக்கா போன பிறகு அந்த வீட்டில் அவர் பெயரை எடுத்து யாரும் பேசி நான் கேட்டது அன்றுதான். நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் முற்றத்தில் நின்று, கம்பியில் இருந்த ஆண் பறவையை அண்ணாந்து பார்த்து, "டேய், போதும் எறங்கி வாடா. வந்து பொண்டாட்டியப் பாரு" என்றார். அது அவரைச் சட்டை செய்யவில்லை. ஆனால் குஞ்சு பொரித்த அன்றே அது வாயில் புழுவோடு ஓட்டைக்குள் நுழைந்தது. நான்கில் மூன்று பொரித்திருந்தன. அண்ணன் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "தங்கச்சி, திருந்திட்டான்!" என்றார்.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கிய நேரத்தில் கோயில் தேர் வந்தது.

கோயில் எங்கள் தெருவுக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. வருடா வருடம் கோயிலுக்கு முன்னால் உள்ள கம்பத்தில் இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டுவார்கள், எங்கள் தெருவைப் பார்த்தபடி. கட்டுகிறவர் அண்ணனேதான். இந்த வருடம் முடியாது என்றார். தலைவர் மறுபடியும் வந்தார்.

"அந்தப் பக்கம் ஹோர்ன் இல்லாட்டி ஒங்க தெருக்காரங்களுக்கு ஒன்னும் கேக்காது அண்ணே."

"கேக்க வேணாம்."

"ஒங்க தொழிலே இதுதானே!"

"அதனாலதான் சொல்றேன். அது எம்புட்டுச் சத்தம்னு எனக்குத் தெரியும்."

"அப்ப நான் பண்டாரவளையிலருந்து வேற செட்டு கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க" என்றார் அண்ணன். சொல்லிவிட்டாரே தவிர, முகம் வெளுத்துப் போயிற்று. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் இல்லாமல் அந்தத் தேர் ஓடியதில்லை. தலைவரும் அந்த முகத்தைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். கடைசியில் இரண்டு ஹோர்னையும் ரயில் பாதைப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று முடிவாயிற்று.

தேரன்று ஹல்துமுல்லையிலிருந்து என் தங்கை குடும்பம் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அதனால் நான் கோயிலுக்குப் போகாமல் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் அநேகமாக வேறு யாரும் இல்லை. மேட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு பலர் பலவிதமாகச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வடம் பிடிக்கும் நேரம். அண்ணன் ஒரு கையில் மைக்கும் மறு கையில் போனுமாக அறிவித்துக்கொண்டிருந்தார். "பக்தகோடிகளே, இதோ, அம்பாள் தேரிலே..." அப்போது போன் அடித்தது. அன்று கௌரிக்கு லீவு. கட்டாரில் அறையில் இருந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். அவள் அலறியது மைக் வழியாக ஹோர்னில் போயிற்று.

"பாம்பு! அப்பா, பாம்பு!"

கூட்டம் கலைந்த வேகத்தில், வடம் பிடித்தவர்கள் வடத்தையே பாம்பென்று நினைத்துக் கீழே போட்டார்களாம். ஒரு பெரியவர் தேர்ச் சக்கரத்தில் ஏறிவிட்டார். ஹோர்ன் ரயில் பக்கம் பார்த்திருந்ததால், ஸ்டேஷனில் பதுளை ரயிலுக்கு நின்றவர்கள்கூட ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்களாம்.

"ஓட்டைக்குள்ள தலைய விட்டிருச்சுப்பா! அம்மாப் பறவை வெளிய கத்துது!"

"தங்கச்சி! தங்கச்சி, கொய்யா மரத்துல பாம்பு!" என்று அண்ணன் மைக்கில் கத்தினார். ரயில் பாதைக்கு நன்றாகக் கேட்டது. எங்கள் தெருவுக்குக் கேட்கவில்லை. அண்ணன் ஹோர்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார்.

"தலைவரே, ஹோர்னைத் திருப்புங்க!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி இரண்டு ஹோர்னையும் திருப்பியவர் தலைவர்தான். அதை நான் இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

என் கையிலிருந்த வடை எண்ணெயில் நழுவி விழுந்தது. அவ்வளவு சத்தம். "அடுத்த வீட்டுத் தங்கச்சி! எங்க வீட்டுக் கொய்யா மரத்துல பாம்பு! ஓடுங்க! புள்ளைங்களக் காப்பாத்துங்க!"

பாம்பைப் படத்தில் பார்த்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவள் நான். எந்தத் தைரியத்தில் ஓடினேனோ தெரியாது. கையில் கிடைத்தது ஒட்டடைக் கம்பு. போய்ப் பார்த்தால், ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு. வால் கொப்பைச் சுற்றியிருக்கிறது, தலை பெட்டிக்குள். இரண்டு பெரிய பறவைகளும் அதன் முதுகில் வந்து வந்து மோதுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு மரத்தை அடித்தேன். இரண்டு அடி மரத்தில் விழுந்தது, ஒன்று தகரத்தில், ஒன்று என் முழங்காலில்.

அப்போது தெருவே அதிரும்படி பாண் பாட்டு கேட்டது. இத்தனை நாள் மூச்சுவிடாமல் வண்டி தள்ளிய நானா, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு பறந்து வந்தார். வண்டி நிற்கும் முன்பே குதித்து, பனிஸ் தட்டை எடுத்து, அதன் மேல் கத்தியால் 'டாங் டாங்' என்று அடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடிவந்தார். "போ! ஷைத்தானே, போ!" எந்தச் சத்தம் வேலை செய்தது, எந்த அடி வேலை செய்தது என்று தெரியாது. பாம்பு தலையை வெளியே எடுத்து, கொப்பிலிருந்து தொப்பென்று விழுந்து, வேலிக்கடியால் ஓடைப் பக்கம் போயிற்று. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வீக்கம் இருந்ததை நான் பார்த்தேன். நானாவும் பார்த்தார்.

அண்ணன் செருப்பில்லாமல் ஓடிவந்தார். கையில் மைக் அப்படியே இருந்தது. அறுந்த வயர் பின்னால் இழுபட்டது. அவருக்குப் பின்னால் பாதிக் கோயில். தவில்காரர் தவிலோடு வந்திருந்தார். மேட்டில் தேரோடு அம்பாளும் ஐயரும் மட்டும்தான் மிச்சம்.

"எத்தன தெரியுதும்மா?" என்று போனில் கேட்டார்.

"ரெண்டு" என்றாள் கௌரி.

"நல்லா பாரு. மூலையில பாரு."

"ரெண்டுதாம்ப்பா."

அண்ணன் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பறவைகள் இரண்டும் தூரத்துக் கம்பியில் கத்திக்கொண்டிருந்தன. கூட்டம் மரத்தைச் சுற்றி நின்று, ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். "என்னா சொல்றாரு?" என்று பின்னால் நின்றவர்கள் கேட்டார்கள். முன்னால் நின்ற எங்களுக்குத்தான் கேட்டது.

"எல்லாரும் போயிருங்க. நீங்க நின்னா அவ வரமாட்டா."

தலைவர் திரும்பி, ஒரு கையை விரித்து, ஆட்டுக்குட்டிகளை ஒதுக்குவது போல அத்தனை பேரையும் தெருவை விட்டு ஒதுக்கிக்கொண்டு போனார். வேட்டியில் கம்பத்துக் கறுப்பு. வாயில் விரல்.

நாங்கள் அண்ணனின் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தோம். போனில் இரண்டு குஞ்சுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பறவை வரவில்லை. நானா முதலை வடிவக் கிம்புலா பனிஸ் ஒன்றை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வராதோ?" என்றார். "நாந்தான் தங்கச்சி பெட்டிய மரத்துல கட்டினேன். சும்மா வாசல்லயே விட்டிருக்கலாம்."

"வாசல்லன்னா பூனை தின்னிருக்கும் அண்ணே" என்றேன்.

போன் படத்தில் ஓட்டை வெளிச்சம் ஒரு நொடி மறைந்தது. எல்லோரும் போனை நோக்கிக் குனிந்தோம். "அப்பா!" என்று கட்டாரிலிருந்து ஒரு குரல். "வந்திருச்சுப்பா! வாயில புழு!"

இரண்டு குஞ்சுகளும் ஒரேயடியாக வாயைத் திறந்தன. அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் கௌரியும் அழுகிறாள் என்று தெரிந்தது. நானா, "அல்ஹம்துலில்லாஹ், பனிஸைத் தின்னுங்க அண்ணே" என்றார்.

அன்று தேர் மிகவும் தாமதமாகத்தான் ஓடியது. அறிவிப்பு எதுவும் இல்லை. மைக் வயர் அறுந்திருந்தது. அண்ணன் தேருக்கு முன்னால் நடந்து, வாயால் சொல்லிக்கொண்டு போனார். கடைசி வீடு வரை கேட்டதாம். எங்கள் தெருமுனை வந்ததும் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, கும்பிட்டபடி நடந்தார். தவிலும் நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தார். ஒரு வாரம் கழித்து, ஒரு வேலைநாள் காலையில் குஞ்சுகள் கிளம்பின. நான் பதுளை பஸ்ஸை விட்டுவிட்டேன். முதலாவது ஓட்டையில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்து, விழுவது போலக் கிளம்பி, வேலி வரைக்கும் பறந்தது. இரண்டாவது லேசில் வருவதாக இல்லை. "வாம்மா, ஒன்னும் ஆகாது, வா, வா" என்று அண்ணன் தோட்டத்து மூலையில் நின்று கெஞ்சினார். கௌரி வேலை நேரத்தில், ஹோட்டல் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு பார்த்தாளாம். அது பறந்ததும் பக்கத்தில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் சேர்ந்து கைதட்டினாளாம்.

பிறகு பல நாள் அண்ணன் காலிக் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கமெராவை எடுத்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும் தங்கச்சி. அவளும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா" என்றார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் கௌரி அந்த வருடக் கடைசியிலேயே லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து கொய்யா மரத்தில் இன்னொரு பெட்டி கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் எந்தப் பக்கம் சரிவாக இருக்க வேண்டும் என்று போட்ட சண்டை சந்தி வரைக்கும் கேட்டது.

இந்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்ற டெஸ்டிங் அண்ணன்தான் முன்னால் நின்றார். பீரோவைத் தூக்கியவர்களுக்கு அவர் கொடுத்த கட்டளைகளில் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் பீரோவையும் நகர்த்தியிருப்பார். எல்லாம் ஏற்றி முடிந்து, லொறி ஸ்டார்ட் ஆனதும், அவர் கதவருகே வந்து, கையை ஜன்னலில் வைத்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"என்னா அண்ணே?" என்று கத்தினேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு விலகிக்கொண்டார். லொறி திரும்பும் வரை நின்றுகொண்டே இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போன் எடுக்கிறார். நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பேசுகிறேன். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கூட்டை விட்டுக் கிளம்பத் தயங்கிய குஞ்சுக்குச் சொன்ன அதே "ஒன்னும் ஆகாது"தான். எனக்குத் தெரியும்.